நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய செடான்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

அடையாறில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து தெருவுக்கு ஏறும் சாய்தளம் பாதி வழியில் சட்டென்று வலப்பக்கம் ஒடியும். ஆல்-வீல்-டிரைவ் கொண்ட என் பழைய ஜெர்மன் செடான் அந்தத் திருப்பத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டதைப் போலத் தயங்கி, ஒருமுறை நடுங்கி, பிறகு விடுபட்டு மேலே ஏறும். ஆறு ஆண்டுகளில் இந்தக் கோளாறு நான்கு முறை திரும்பத் திரும்ப வந்தது. முதல் முறை ஸ்டியரிங் ஆயிலை மாற்றினார்கள், இரண்டாம் முறை என்ஜின் மவுன்ட்டை மாற்றினார்கள், மூன்றாம் முறை ஒரு பக்க ஆக்ஸிலையே (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மாற்றிப் பெரிய ரசீது ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நான்காம் முறை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பையன் குனிந்து பார்த்துவிட்டு, “சார், முன்னாடி ரெண்டும் புதுசு, பின்னாடி ரெண்டும் மொட்டையா இருக்கே” என்றான். கோளாறு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இதே வகைக் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்காகவும், வாங்க நினைத்து என்னை உடன் அழைத்துப் போனவர்களுக்காகவும் பல கார்களுக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் பெருஞ்செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருவதால், அந்த வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டே போவது நல்லது.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பானெட்டைத் திறந்தால் என்ஜின் நீளவாக்கில் இருக்கிறதா, குறுக்குவாக்கில் இருக்கிறதா? ஆடி ஏ4, ஏ6 குவாட்ரோ போல நீளவாக்கில் இருந்தால் பெரும்பாலும் நடுவில் டார்சன் வகை டிஃபரென்ஷியல் (இழுவையைப் பிரித்துக் கொடுத்து, வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை எப்போதும் போய்க்கொண்டிருக்கும். ஸ்கோடா சூப்பர்ப் 4x4 போலக் குறுக்குவாக்கில் இருந்தால் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் ஹால்டெக்ஸ் கிளட்ச் இருக்கும்; தேவைப்படும்போதுதான் பின்சக்கரங்களுக்கு இழுவை போகும். கீழே இவற்றை டார்சன் வகை, ஹால்டெக்ஸ் வகை என்றே குறிப்பிடுகிறேன்.

அறிகுறி 1: ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது கார் பிடித்து இழுக்கிறது

டயரிலிருந்து தொடங்குங்கள். நான்கு சக்கரங்களும் ஒரே சுற்றளவில் இல்லையென்றால், முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டே ஓடும். நேர்சாலையில் இது தெரியாது. நிறுத்துமிடத்தின் வளைவிலும் யூ-டர்னிலும்தான் வெளிப்படும். முதலில் காற்றழுத்தம்: ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர்கள் சூடாவதற்கு முன் நிரப்புங்கள். அடுத்தது டயரின் பள்ளம்: புதிய டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் இருக்கும், நான்கிற்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் நான் அந்தக் காரை அப்படியே ஓட்டுவதில்லை. அளவு ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தாலும் வெவ்வேறு கம்பெனி டயர்களின் உண்மையான சுற்றளவு வேறுபடும் என்பதால், நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

ஆழம் அளக்கும் கருவி இல்லாதவர்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில் காரை நேராக நிறுத்தி, நான்கு டயர்களிலும் தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொள்ள, இடது முன்சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று முடிக்கும்வரை காரை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துங்கள். அந்தச் சக்கரத்தின் கோடு மீண்டும் கீழே வந்திருக்கும். மற்ற மூன்றின் கோடுகளும் அதே இடத்தில் இருந்தால் டயர்கள் சரி. பள்ளத்தின் ஆழத்தில் 2 மி.மீ. வேறுபாடு இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தப்பும். பத்துச் சுற்றில் அது அரைச் சாணுக்குச் சற்று அதிகமாக, 12 செ.மீ. அளவுக்கு விலகிக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். என் காரில் பின்சக்கரக் கோடுகள் இரண்டும் ஏறத்தாழ கால் சுற்றளவு சுழன்று போயிருந்தன.

டயர் கடையில் “ரெண்டு மட்டும் போதும் சார், மத்த ரெண்டு இன்னும் பத்தாயிரம் ஓடும்” என்பார்கள். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார்களுக்கு அது சரியான யோசனைதான். இந்தக் கார்களுக்கு நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் இந்தக் காரை வாங்காமல் இருப்பதே மேல். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியைப் போட நேர்ந்தால் அருகிலுள்ள பஞ்சர் கடைவரை மெதுவாகப் போகலாம். மகாபலிபுரம் வரை போகக் கூடாது.

டயர் சரியாக இருந்தும் இழுத்தால், திருப்பும்போது எழும் ஒலியைக் கேளுங்கள். வட்டமடிக்கும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து ஒலித்தால், முன் ஆக்ஸிலின் வெளிப்புற ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து, ரிம்மின் உட்புறத்தில் கருப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் அதுதான் காரணம். கிழிசல் புதிதென்றால் உறையையும் கிரீஸையும் மாற்றினாலே போதும். ஒலி தொடங்கிவிட்டால் ஜாயின்ட்டை மாற்ற வேண்டும்.

ஒலி இல்லாமல் நடுக்கம் மட்டும் இருந்து, கார் ஹால்டெக்ஸ் வகையாகவும் இருந்தால், ஹால்டெக்ஸ் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. என்ஜின் ஆயில், கியர் ஆயில் ஆகியவற்றிலிருந்து வேறுபட்ட, தனக்கெனத் தனி ஆயில் கொண்ட ஒரு சிறு பாகம் அது. சர்வீஸ் பட்டியலில் எழுதப்படாமலே விட்டுப்போகும். ஆயிலையும், வடிகட்டி இருக்கும் தலைமுறையென்றால் வடிகட்டியையும் மாற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் அதே வளைவில் சோதியுங்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்: டயர், ஜாயின்ட், ஆயில் மூன்றும் சரியாக இருந்தும் இழுப்பு நீடித்தால், ஹால்டெக்ஸ் கிளட்ச்சையோ நடு டிஃபரென்ஷியலையோ பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதை வீட்டு வாசலிலும் பொதுப் பட்டறையிலும் செய்ய முடியாது.

அறிகுறி 2: மழையில் கிளம்பும்போது முன்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்கிறது

ஹால்டெக்ஸ் வகையில் பின்பக்க இழுவை செத்துப்போனாலும், டாஷ்போர்டில் பல நேரங்களில் எந்த விளக்கும் எரியாது. சென்னைச் சாலைகளில் வருடத்தின் பெரும்பகுதி அது வெளியே தெரியவும் தெரியாது. 4x4 என்று பெயர்ப்பலகை ஒட்டியபடியே, முன்சக்கர இழுவையில் மட்டும் ஆண்டுக்கணக்காக ஓடும் கார்களைப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு ஈரமான, சற்றே மணல் படிந்த ஏற்றம் ஒன்று போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உட்தெருக்களில் அதற்குப் பஞ்சமில்லை. ஆளில்லாத இடமாகப் பார்த்து, நின்ற நிலையிலிருந்து சற்று அழுத்தமாகக் கிளப்புங்கள். ஒரு நண்பரை வெளியே பாதுகாப்பான தொலைவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் ஒரு கணம் சுழன்றதும் பின்சக்கரம் பிடித்துத் தள்ளினால் நல்லது. முன்சக்கரம் மட்டும் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ஹால்டெக்ஸ் பாகத்துக்குப் போகும் ஒயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்று படும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்துக் கார்களில் இது சாதாரணம். பிறகு ஆயில், அதன் பிறகு உள்ளேயிருக்கும் சிறிய பம்ப். பம்ப்பின் சல்லடை பழைய கிளட்ச் தூளால் அடைத்திருந்தால் பம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும். ஆகவே பம்ப் போய்விட்டது என்று யாராவது சொன்னால், சல்லடையைக் கண்ணால் பார்த்தபிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இரண்டு சக்கரங்களை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு, என்ஜினை ஓட்டிக் கியரில் போட்டுச் சோதிக்க வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இழுவை பாய்ந்தால் கார் ஜாக்கியைத் தள்ளிவிட்டுப் பாயும்.

டார்சன் வகையில் ஒரு சக்கரம் முழுவதும் அந்தரத்தில் நின்றால் கார் தடுமாறுவது அதன் இயல்பு. அந்த நேரத்தில் சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்துக் கைகொடுப்பது ஏ.பி.எஸ். அமைப்பு. எனவே ஏ.பி.எஸ். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் டிஃபரென்ஷியலைச் சந்தேகிக்காமல், சக்கர வேக சென்சாரைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கணினியே பிழை காட்டினால் மட்டும் நிபுணர் தேவை.

அறிகுறி 3: 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் உறுமலோ அதிர்வோ

இரவு பத்து மணிக்கு மேல் பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மூன்று கிளைகளாகப் பிரித்தறியலாம்.

ஸ்டியரிங்கை மெல்ல இடவலம் அசைக்கும்போது ஒலி கூடிக் குறைந்தால், அது சக்கர பேரிங். இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங்கையும், வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்க பேரிங்கையும் சந்தேகியுங்கள்.

ஸ்டியரிங்குக்கு மாறாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் அழுத்தும்போதும் மாறினால், காருக்கு அடியில் பின்னோக்கி ஓடும் புரொபெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். அதன் நடுவில் தாங்கி நிற்கும் பேரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சென்னை வெயிலிலும் சைலன்சரின் சூட்டிலும் அது வெடித்துவிடும். கையால் ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்தாலே தெரியும். பின் டிஃபரென்ஷியல் ஆயிலின் மட்டத்தையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். அழுத்தும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் அடங்கினால் ஆக்ஸிலின் உட்புற ஜாயின்ட்.

எதற்கும் மாறாமல் வேகத்துக்கு மட்டும் ஏறினால் மீண்டும் டயர்தான். உள் விளிம்பில் கையை வைத்துத் தடவினால் ரம்பப் பல்லைப் போல நெருடும்.

நடு பேரிங்கை மாற்றும்போது ஷாஃப்டை இரண்டாகப் பிரிக்க நேரும். பிரிப்பதற்கு முன் இரு துண்டுகளிலும் பெயின்ட்டால் ஒரே நேர்கோட்டில் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். மாறிப் பூட்டினால் பழைய அதிர்வு போய்ப் புதிய அதிர்வு வரும். அடையாளம் வைக்க மறுக்கும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஷாஃப்ட் பேலன்ஸ் செய்ய வேண்டுமென்றால் அதற்கென இயந்திரம் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி 4: வேகத்தடையில் முன்பக்கம் ‘டொக்’ என்கிறது

பெரும்பாலும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள், அதாவது சக்கரத்தைக் கார் உடலோடு இணைக்கும் கைகளின் ரப்பர் மூட்டுகள். நீளவாக்கு என்ஜின் கார்களில் முன்பக்கம் ஒரு பக்கத்துக்கு நான்கு ஆர்ம்கள்வரை இருப்பதால் எது என்று கண்டுபிடிக்க நேரமாகும். கார் சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்து தொடங்குங்கள், அதுதான் மலிவு. கவனிக்க வேண்டியது ஒன்றே: புதிய புஷ்களின் போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. சக்கரம் கார் நிற்கும் உயரத்துக்கு வந்தபிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களிலேயே கிழியும். குற்றம் பாகத்தின் தலையில் விழும்.

அறிகுறி 5: நெரிசலில் நிற்கும்போது சூடு ஏறுகிறது

பல ஜெர்மன் கார்களில் வெப்பமானி முள் 90-இல் வந்து நின்றால், உண்மை வெப்பம் சற்று ஏறி இறங்கினாலும் அசையாதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே முள் 90-ஐத் தாண்டி நகர்ந்தாலே சூடு ஏற்கெனவே அதிகம் என்று பொருள். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்து, ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது.

ஆறியபின் கூலன்ட் மட்டம், மூடியின் ரப்பர், ஃபேன் ஓடுகிறதா, ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள ஏ.சி. கண்டென்சரில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா என்ற வரிசையில் பாருங்கள். நின்றால் சூடேறி, ஓடினால் ஆறினால் ஃபேன். ஓடும்போதும் ஏறினால் தெர்மோஸ்டாட்டோ வாட்டர் பம்ப்போ. அவசரத்துக்குக் கூலன்ட் தொட்டியில் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். சென்னையின் உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் படிவதைப் போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கடையில் கிடைத்த ஏதோ ஒரு நிறக் கூலன்ட்டைக் கலப்பதும் அதே அளவு தவறு; கலந்தால் சில வகைகள் கூழாகிவிடும்.

கூலன்ட் குறைந்துகொண்டே இருந்து வெளியே கசிவு தெரியாவிட்டால், அல்லது ஆயில் மூடியின் உட்புறத்தில் காபி நிறக் குழம்பு தென்பட்டால், அன்றே நிபுணரிடம் போங்கள். என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

அறிகுறி 6: மழைக்குப் பிறகு காலடி கம்பளம் ஈரம், விளக்குகள் தாமாக எரிகின்றன

இது ஐப்பசி, கார்த்திகை வியாதி. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பரை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே சேரும் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ நிறுத்தப்படும் காரில், சருகும் பூவும் விழுந்து மக்கி அந்தத் துளைகளைச் சேறுபோல அடைத்துவிடும். நீர் ஏறி உள்ளே வழிந்து, கம்பளத்துக்கு அடியில் இருக்கும் மின் கட்டுப்பாட்டுப் பெட்டியை நனைக்கும். கதவு தானாகப் பூட்டிக்கொள்வது, கண்ணாடி இறங்காமல் நிற்பது, இரவில் பேட்டரி வடிவது எல்லாம் இதன் பிள்ளைகள்.

ஒருமுறை நண்பர் ஒருவரின் காரில் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியபோது உள்ளே இரண்டு இலை விட்ட வேப்பங்கன்று ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்தக் காருக்கு அதற்கு முந்தைய வாரம்தான் புதிய பேட்டரி விற்றிருக்கிறார்கள்.

சோதனை: ஒரு சொம்புத் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் ஊற்றினால் உடனே முன்சக்கரத்துக்கு அருகே கீழே கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கையால் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், ரப்பர் வால்வு கிழியும். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைகளிலும் இதே சோதனை. கம்பளத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சையும் உலர்த்த வேண்டும்; மேலே காய்ந்திருப்பதை நம்பாதீர்கள். பெட்டிக்குள் நீர் போயிருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழைப்பது நல்லது.

வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் கதை வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீருக்குள் நின்ற கார்களில், ஸ்டார்ட் செய்து பார்த்ததால் என்ஜினை இழந்தவர்கள் உண்டு. ஆல்-வீல்-டிரைவ் காரில் கூடுதலாக, பின் டிஃபரென்ஷியலின் காற்றுத் துளை வழியாகவும் நீர் ஏறும். என்ஜின் பிழைத்துவிட்டாலும் பின் டிஃபரென்ஷியல், ஹால்டெக்ஸ், கியர்பாக்ஸ் ஆயில்களை இறக்கிப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். இந்தக் காரை இரண்டு சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் கிரேனில் ஏற்ற விடக் கூடாது. நான்கும் மேலே ஏறும் தட்டையான வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 7: கியர் மாறும்போது உதறல், காலையில் சங்கிலிச் சத்தம்

எண்ணெயில் இயங்கும் ஆறு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். உதறல் லேசாக இருக்கும்போது இதைச் செய்தால் தணிய வாய்ப்பு உண்டு. தணியாவிட்டால் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் பகுதிதான், அது நிபுணர் வேலை.

இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் கிளப்பும்போது சில வினாடிகள் சங்கிலியைத் தகரத்தில் இழுப்பதுபோல் ஒலித்தால், ஆயில் மட்டத்தை மட்டும் பாருங்கள். வேறு எதையும் நீங்களாகத் தொடாதீர்கள். சில ஆறு சிலிண்டர் என்ஜின்களில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் அதை மாற்ற என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். இந்தப் பட்டியலிலேயே பெரிய செலவு அதுதான்.

வாங்கும் நாளில்

காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி, காரை முன்பே கிளப்பி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், ஒருவேளை அந்தச் சங்கிலிச் சத்தத்தையே. பிறகு டயர்: நான்கு சக்கரத்துக்கும் வெவ்வேறு கம்பெனி டயர் போட்டிருக்கும் உரிமையாளர், கண்ணுக்குத் தெரியாத ஹால்டெக்ஸ் ஆயிலை மாற்றியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா, ஸ்டெப்னிக் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒரு நிறுத்துமிடச் சாய்தளத்தில் இருபக்கமும் முழுவதும் ஒடித்து ஏற்றி இறக்குங்கள்.

காகிதங்களில் முதலில் பதிவுத் தேதி: தனியார் கார் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான், அதன் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் பழைய டீசல் கார்களுக்கு வந்த கட்டுப்பாடுகளால் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரும் கார்களுக்குத் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மலிவு பெரும்பாலும் கரைந்துபோகும்.

உதிரிபாகத்துக்குச் சேசிஸ் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஒரே மாடலில் ஆறு மாத இடைவெளியில் பாகம் மாறியிருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பேரிங், புஷ், ஃபில்டர் போன்றவை கிடைக்கும். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு வாங்கலாம்; டிஃபரென்ஷியலும் ஹால்டெக்ஸும் அங்கே வாங்கும் பொருள் அல்ல, எந்த வெள்ளத்திலிருந்து வந்ததென்று வெளியிலிருந்து தெரியாது.

விலை பேசும்போது நான்கு டயர், ஹால்டெக்ஸ் மற்றும் டிஃபரென்ஷியல் ஆயில், கூலன்ட், முன் புஷ்கள் ஆகியவற்றின் விலையை ஒரு தாளில் எழுதிக் கேட்ட விலையிலிருந்து கழித்துச் சொல்லுங்கள். சர்வீஸ் ரசீதுகளை எடுத்துக் காட்டி மறுப்பவரிடம் கழித்ததைத் திருப்பிச் சேர்த்துக் கொடுத்தே காரை வாங்கலாம்.